சின்ன வீட்டுக்கு அறைகலன் வாங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாமான் வைக்க இடம் போதவில்லை என்று சொல்லாத குடும்பத்தை சிங்கப்பூரில் நான் இன்னும் பார்க்கவில்லை. ஈரறை ஃபிளெக்ஸி என்ற மிகச் சின்ன வீட்டில் இருப்பவரும் அதைத்தான் சொல்கிறார், ஐந்தறை வீட்டில் இருப்பவரும் அதைத்தான் சொல்கிறார். தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். நான் உள்ளலங்கார நிபுணர் இல்லை, கடை கடையாக டேப்போடு சுற்றுகிற ஆள், அவ்வளவுதான்.

சாவி வாங்கியாச்சு. முதலில் எதை வாங்குவது?

5 மீட்டர் டேப். கிண்டல் இல்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கொடுக்கும் வரைபடம் தொடக்கத்துக்கு உதவும், ஆனால் ஏர்கான் குழாயை மூடிய பெட்டி எங்கே ஓடுகிறது, உத்தரம் எவ்வளவு கீழே இறங்குகிறது, பிளக் பாயிண்ட் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதெல்லாம் வீட்டுக்குள் நின்று அளந்தால்தான் தெரியும்.

வீட்டுக்கு வெளியேயும் அளக்க வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மின்தூக்கியின் கதவு அகலம், உள்ளே மூலைக்கு மூலை நீளம், காரிடார் திரும்பும் இடம், இரும்புக் கேட்டை முழுக்கத் திறந்தபின் மிஞ்சும் அகலம், படுக்கையறைக் கதவு, எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டு அப்புறம் கடைக்குப் போங்கள். மூன்று பேர் உட்காரும் சோஃபா கடையின் பெரிய கூடத்தில் அடக்கமாகத்தான் தெரியும். மின்தூக்கியில் நுழையாவிட்டால் படியில் தூக்கி வருவதற்கு மாடிக்கு இவ்வளவு என்று தனியாகக் கேட்பார்கள், 14வது மாடியில் இருப்பவர் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பழைய புளோக்குகளில் முன்பு மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. 2001ல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது, ஆனாலும் அரை மாடி படியேற வேண்டிய புளோக்குகள் இன்னும் இருக்கின்றன.

வாங்க நினைப்பதன் அளவை மாஸ்கிங் டேப்பால் தரையில் ஒட்டி, ஒரு வாரம் அந்தக் கோட்டுக்குள் கால் வைக்காமல் நடந்து பாருங்கள். ஒரு வாரம் முடிவதற்குள் வீட்டில் எல்லாரும் கோட்டுக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டால் அந்தச் சாமான் அந்த இடத்துக்கு ஆகாது.

அகலம், உயரம், ஆழம். எதற்கு முக்கியத்துவம் கொடுப்பது?

ஆழத்துக்கு. சுவரிலிருந்து முன்னால் எவ்வளவு நீட்டிக்கொண்டு வருகிறது என்பது. கடையில் எல்லாரும் அகலத்தையும் விலையையும் பார்க்கிறார்கள்; நடக்கிற வழியைத் தின்பது ஆழம்தான். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு கணக்கு. படுக்கையறை 3 மீட்டருக்கு 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குவீன் கட்டில் சட்டத்தோடு சேர்த்து 160 செமீ. ஹேங்கரில் சட்டை தொங்க வேண்டுமானால் அலமாரிக்குச் சுமார் 60 செமீ ஆழம் வேண்டும், அதில் பேரம் பேச முடியாது. இரண்டும் சேர்ந்து 220 போய்விட்டது, மிச்சம் 80. கட்டிலை எதிர்ச்சுவரோடு ஒட்டிவிட்டால் அந்த 80ம் ஒரே பக்கமாகக் கிடைக்கும், ஆனால் சுவர்ப்பக்கம் படுப்பவர் இரவில் எழுந்தால் மற்றவரைத் தாண்டித்தான் வரவேண்டும். இரண்டு பக்கமும் சமமாக விட்டால் பக்கத்துக்கு 40. சாதாரண அலமாரிக் கதவு ஒன்று 45, 50 செமீ அகலம் இருக்கும், திறந்தால் கட்டிலில் இடிக்கும். சறுக்குக் கதவு போட்டால் ஒப்பேற்றலாம். இங்கே சறுக்குக் கதவு அலமாரி இத்தனை ஓடுவதற்கு இதுதான் காரணம், அழகுக்காக யாரும் அதை வாங்குவதில்லை.

இப்போது அந்த அலமாரிக்குள் என்ன வைக்கப் போகிறோம் என்று பாருங்கள். நம் வீடுகளில் தொங்குவதைவிட மடித்து வைப்பதுதான் அதிகம்: புடவை, வேட்டி, சல்வார், துண்டு, போர்வை. மடித்த புடவைக்கு 35 செமீ ஆழத் தட்டே தாராளம். 60 செமீ தட்டில் இரண்டு வரிசையாக அடுக்கினால் பின்வரிசையில் இருக்கும் காஞ்சிபுரத்தை அடுத்த கல்யாணம் வரை யாரும் பார்க்கப் போவதில்லை. ஐக்கியாவின் பாக்ஸ் (PAX) அலமாரி 58 செமீ, 35 செமீ என்று இரண்டு ஆழத்தில் கிடைக்கிறது. தொங்குவதற்கு ஒரு 58, மடிப்பதற்கு ஒரு 35 என்று எடுத்து, 35ஐ வழி குறுகும் பக்கத்தில் வையுங்கள், அங்கே 23 செமீ தரை திரும்பக் கிடைக்கும்.

மற்றவற்றுக்கும் இதே கண்ணோட்டம்தான். ஐக்கியாவின் பில்லி புத்தக அலமாரி 28 செமீ. செருப்பைச் செங்குத்தாகச் சொருகும், அதே கடையின் ட்ரோனஸ் மாதிரிப் பெட்டிகள் 18 செமீ, வாசலுக்கு இதைவிட நல்லது இல்லை. டிவியைச் சுவரில் மாட்டிவிட்டால் கீழே 30 செமீ கன்சோல் போதும், 45ல் வாங்க ஒரு காரணமும் இல்லை. கட்டம் கட்டமாக இருக்கும் கல்லாக்ஸ் அலமாரி 39 செமீ. ஹாலை இரண்டாகப் பிரிக்க அதை நடுவில் நிறுத்தும் படங்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன, அந்தப் படங்கள் எடுக்கப்பட்ட ஹால்கள் நம்முடையதுபோல இல்லை என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள்.

உயரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வீவக வீட்டில் தரைக்கும் கூரைக்கும் சுமார் 2.6 மீட்டர். கண்ணுக்கு மேலே உள்ள இடம் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கிறது, ஒரு மடக்கு ஏணி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நடக்க எவ்வளவு வழி விட வேண்டும்?

குறைந்தது 60 செமீ. 75 இருந்தால் துணிக்கூடையோடு போகலாம். சாப்பாட்டு நாற்காலிக்குப் பின்னால் 75, சோஃபாவுக்கும் டீபாய்க்கும் நடுவே 40.

மெத்தை அளவில் ஏன் இத்தனை குழப்பம்?

இரண்டு அளவு முறைகள் ஒரே ஊரில் புழங்குவதால். உள்ளூர்க் கடைகளில் சிங்கிள் 91க்கு 190 செமீ, சூப்பர் சிங்கிள் 107க்கு 190, குவீன் 152க்கு 190, கிங் 182 அல்லது 183க்கு 190. ஐக்கியாவில் 90க்கு 200, 150க்கு 200, 180க்கு 200. ஐக்கியா கட்டிலில் உள்ளூர் குவீன் மெத்தையைப் போட்டால் அகலத்தில் 2 செமீ இறுக்கும், கால்மாட்டில் 10 செமீ பள்ளம் விழும், போன் அதில்தான் போய் விழும். விரிப்பும் அப்படியே, 190க்குத் தைத்த விரிப்பு 200 நீள மெத்தையின் மூலையில் நிற்காது. கட்டில், மெத்தை, விரிப்பு மூன்றையும் ஒரே முறையில் வாங்கிவிடுங்கள், அது எந்த முறையாக இருந்தாலும் சரி.

பிள்ளைகள் இருவருக்கும் ஒரே அறை என்றால் சூப்பர் சிங்கிள் இரண்டு வாங்கும் ஆசையை அடக்குங்கள். சிங்கிளைவிட ஒவ்வொன்றும் 16 செமீ அதிகம், இரண்டுக்கும் சேர்த்து 32. அறையில் படிப்பு மேசை அடங்குமா அடங்காதா என்பதை அந்த 32 செமீயே தீர்மானித்துவிடலாம்.

ஸ்டோரேஜ் கட்டில் நல்லதா?

நல்லது, எந்த வகை என்பதைப் பொறுத்து. பக்கவாட்டில் இழுப்பறை வைத்த கட்டிலுக்கு இழுக்க 50, 60 செமீ இடம் வேண்டும். மேலே சொன்ன கணக்கில் பக்கத்துக்கு 40தான் மிஞ்சுகிறது, அப்புறம் எப்படித் திறப்பது? மெத்தையோடு மேலே தூக்கும் ஹைட்ராலிக் வகைக்குப் பக்கத்தில் இடமே வேண்டாம். ஆனால் தினமும் வேண்டியதை அதில் வைக்காதீர்கள். ஊருக்குப் போகும் பெட்டிகள், அவற்றுக்குள் கம்பளிப் போர்வைகள், ஆண்டுக்கு ஓரிரு முறை எடுக்கும் விருந்துப் பாத்திரம், இப்படி. கடையில் தூக்கிப் பார்க்கும்போது மெத்தையோடு தூக்கிப் பாருங்கள். காலியாக இருக்கும் சட்டம் எளிதாகத்தான் எழும்பும்.

பூஞ்சை வரும். இங்கே ஆண்டு முழுக்கக் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல், கட்டிலுக்கு அடியில் காற்றும் போகாது. பட்டுப் புடவையையும் தோல் பையையும் அங்கே வைக்க வேண்டாம். தர்ஸ்டி ஹிப்போ மாதிரி ஈரம் உறிஞ்சும் டப்பா இரண்டை வைத்து, தண்ணீர் நிரம்பியதும் மாற்றுங்கள். மாதம் ஒருமுறை தூக்கி வைத்து ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள்.

பாம் ஷெல்டரை ஸ்டோராகப் பயன்படுத்தலாமா? ஆணி அடிக்கலாமா?

வீட்டோடு சேர்த்துக் கட்டிய இந்தக் குண்டுத் தற்காப்பு அறையை ஸ்டோராகத் தாராளமாகப் பயன்படுத்தலாம், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். 1998 மே மாதம் நடப்புக்கு வந்த சட்டத்தால் புதிதாகக் கட்டும் வீடுகளில் இது கட்டாயமாகிவிட்டது, அதற்கும் முன்பே சில வீவக வீடுகளில் இருந்தது. 2, 3 சதுர மீட்டர்தான், ஆனால் சின்ன வீட்டில் அதுதான் புதையல்.

உடைப்பது, கனமான அந்தக் கதவைக் கழற்றுவது, உள்சுவரில் டைல் ஒட்டுவது எதுவும் கூடாது. துளை போடுவதற்கும் குடிமைத் தற்காப்புப் படையின் விதி உண்டு: 50 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் போகக்கூடாது, உலோகம் அல்லாத பிளக் போட வேண்டும், மாட்டியதைக் கழற்றி எடுக்க முடிய வேண்டும். இத்தனை யோசனை எதற்கு, துளையே வேண்டாம். போல்ட் இல்லாமல் பொருத்தும் இரும்பு ராக் வாங்கி நிறுத்திவிடுங்கள்.

எப்படி நிறுத்துவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பலர் 60 செமீ ஆழ ராக்கைப் பின்சுவரில் சாய்த்துவிட்டு முன்னால் தரையில் சாமானைக் குவிக்கிறார்கள், ஆறு மாதத்தில் கதவைத் திறந்தால் ஏதாவது காலில் விழும். அகலம் அனுமதித்தால் ஒரு நீளச் சுவரில் 40 செமீ ராக்கும் பின்சுவரில் 30 செமீ ராக்கும் எல் வடிவில் நிறுத்தி, நடுவில் ஆள் நுழையத் தரையை விடுங்கள். கீழ்த் தட்டைத் தரையிலிருந்து 45 செமீ உயரத்தில் வைத்தால் அதற்கடியில் 10 கிலோ அரிசி மூட்டை, எண்ணெய் டின், வெக்கும் கிளீனர் எல்லாம் நிற்கும். இடுப்பு உயரத்தில் மளிகை. அதற்கு மேலே பெட்டி பெட்டியாக, முன்பக்கம் எழுதி ஒட்டி: தீபாவளி விளக்கு, கொலு பொம்மை, பள்ளிப் பழைய புத்தகம். கொலு வைக்கும் வீடு என்றால் மடக்கும் இரும்புப் படியாக வாங்குங்கள், கதவுக்குப் பின்னால் நிறுத்தி வைக்கலாம். பொம்மைகளை செய்தித்தாளில் சுற்றி ஒரே அளவுப் பெட்டிகளில் போட்டால் அடுக்குவது சுலபம்.

சமையலறையில் திறந்த தட்டு வைக்கலாமா? படத்தில் அழகாக இருக்கிறதே.

படத்தில் தாளிப்பு இல்லை. கடுகும் மிளகாயும் எண்ணெயில் பொரிந்து எழும்பும் புகை எங்கே போய்ப் படியும் என்று நினைக்கிறீர்கள்? அடுப்புக்கு மூன்றடிக்குள் இருக்கும் திறந்த தட்டில் உள்ள கண்ணாடிக் குவளைகள் சீக்கிரமே பிசுபிசுக்கும், அதன் மேல் தூசி ஒட்டும். கதவு போட்ட அலமாரிதான் நமக்குச் சரி. திறந்த தட்டு வேண்டுமென்றே ஆசையாக இருந்தால் அடுப்புக்கு எதிர்ப்பக்கம், தினமும் எடுத்துக் கழுவும் தட்டு, டம்ளருக்கு மட்டும் ஒன்று.

கீழ் அலமாரிகளுக்குக் கதவைவிட ஆழமான இழுப்பறை நல்லது. கதவு வைத்த கீழ் அலமாரியில் பின்னால் இருக்கும் குக்கரை எடுக்க முட்டிபோட வேண்டும், முன்னால் உள்ள நாலு சட்டியை வெளியே எடுத்துத் தரையில் வைக்க வேண்டும். இழுப்பறை என்றால் மொத்தமும் உங்களிடம் வந்துவிடும், மேலிருந்து பார்த்து எடுக்கலாம். இங்கே மட்டும்தான் 60 செமீ ஆழத்தை நான் மனதார ஏற்றுக்கொள்வேன். டேபிள் டாப் கிரைண்டரை மேல் அலமாரியில் ஏற்றாதீர்கள், அந்தக் கனத்தைத் தலைக்கு மேலிருந்து இறக்குவது ஆபத்து. இறக்கச் சிரமமாக இருந்தால் மாவு அரைக்கவும் மாட்டீர்கள், கடையில் பாக்கெட் மாவுதான்.

சிங்க்குக்குக் கீழே துகள்பலகை வேண்டாம். வெட்டிய விளிம்பில் தண்ணீர் புகுந்தால் ஊறிய ரஸ்க் மாதிரி உப்பிவிடும், அதற்கு வைத்தியம் கிடையாது. பிளைவுட் போடுங்கள், அல்லது அலுமினிய அலமாரி. அலுமினியத்தில் கரையான் வராது, தண்ணீர் ஒன்றும் செய்யாது. தட்டினால் டொங்கென்று சத்தம் வரும், சிலருக்கு அது பிடிப்பதில்லை.

சாமி அலமாரி எங்கே வைப்பது?

திசையை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்வது நெருப்பைப் பற்றி. மூடிய மர அலமாரிக்குள் விளக்கேற்றினால் மேல்தட்டு கருகும், லேமினேட் உரியும். விளக்கு நிற்கும் தட்டு வெளியே இழுக்கிற மாதிரி இருக்கட்டும், இழுத்து ஏற்றி, அணைந்தபின் உள்ளே தள்ளலாம். அந்தத் தட்டின்மேல் ஒரு கருங்கல் துண்டோ டைலோ பதித்துவிடுங்கள். 2018 ஜூனிலிருந்து புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம், அதற்கு நேர்கீழே ஊதுவத்தி ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கோயில் மாதிரித் தனியாக நிற்கும் மண்டபம் அழகுதான். ஆனால் 45, 50 செமீ ஆழம் கேட்கும். சுவரில் மாட்டும் 30 செமீ தட்டும் அதன்கீழ் சிறு இழுப்பறையும், திரி, கற்பூரம், குங்குமம் எல்லாம் அடங்கிவிடும், கீழே தரையும் காலியாக இருக்கும். ஜெபமேடை வைப்பவர்களுக்கும் குர்ஆன் வைக்கத் தட்டு தேடுபவர்களுக்கும் இதே அளவு பொருந்தும்.

ஆசாரியை வைத்துச் செய்வதா, கடையில் வாங்குவதா?

எத்தனை வருஷம் அந்த வீட்டில் இருப்பீர்கள்? வீவக புதிதாகக் கட்டித் தரும் பிடிஓ வீட்டுக்குக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் வழக்கமாக 5 ஆண்டு, நல்ல இடங்களில் உள்ள பிளஸ், பிரைம் வகை வீடுகளுக்கு 10. ஐந்து முடிந்ததும் விற்றுவிட்டுப் பெரிய வீட்டுக்குப் போகும் எண்ணம் இருந்தால், சுவரோடு சுவராகச் செய்த அலமாரியைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது, வாங்குபவரும் அதற்காக ஒரு வெள்ளி கூடத் தர மாட்டார். அங்கேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் செய்வதில் லாபம் உண்டு, முக்கியமாக உத்தரத்துக்குக் கீழே, தூணுக்கும் சுவருக்கும் நடுவே, கடைச் சாமான் எதுவும் சரியாகப் பொருந்தாத இடங்களில்.

என் பங்குக்கு, சமையலறையும் ஓர் அலமாரியும் செய்துகொண்டு மீதியைக் கடையில் வாங்குவதுதான் சரி. ஹால் முழுக்க மரவேலை செய்த வீட்டில் ஐந்து வருஷம் கழித்து ஒரு நாற்காலியைக்கூட இடம் மாற்ற முடியாது.

விலை 'ஃபுட் ரன்' கணக்கில் சொல்வார்கள், அதாவது சுவரோடு ஓடும் ஓர் அடிக்கு இவ்வளவு. அந்த அடிக்குள் எத்தனை இழுப்பறை, எந்தக் கீல், உள்பக்கம் என்ன பூச்சு, கூரை வரை போகுமா என்று எழுதி வாங்குங்கள். இரண்டு பேரின் விலை வேறுபடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வீவக பட்டியலில் உள்ள குத்தகையாளர்தானா என்று பாருங்கள், பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் முத்திரை இருந்தால் முன்பணத்துக்குப் பாதுகாப்பு. ஜோகூர் பாருவில் செய்து கொண்டுவந்தால் மலிவு என்று பலர் போகிறார்கள், மலிவுதான், ஆனால் கீல் தொங்கினால் சரிசெய்ய ஆள் எப்போது வருவார் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். சத்தம் போடும் வேலை சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் கூடாது, வார நாளில் காலை 9லிருந்து மாலை 5 வரை.

வாடகை அறை. ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார்.

அப்படியானால் சக்கரம். மூன்று தட்டு தள்ளுவண்டி ஒன்று, துணி தொங்கவிடும் ஸ்டாண்டு ஒன்று, கதவின் மேல் மாட்டும் கொக்கிகள், கட்டிலுக்கடியில் நுழையும் மூடிபோட்ட பெட்டி (கட்டில் உயரத்தை அளந்துவிட்டு வாங்குங்கள், 15 செமீ இடைவெளியில் 18 செமீ பெட்டியைத் திணிக்க முடியாது). ஒட்டும் கொக்கி டைலிலும் கண்ணாடியிலும் நிற்கும், பெயிண்டடித்த சுவரில் போகும்போது பெயிண்டையும் எடுத்துக்கொண்டு போகும். அறை மாறும்போது டாக்சியில் ஏறாத எதையும் வாங்காதீர்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்குவார்கள். சோஃபா கட்டில் வாங்கலாமா?

கடையில் விரித்து, ஐந்து நிமிடம் படுத்து, பிறகு நீங்களே மடித்துப் பாருங்கள். விற்பனையாளர் ஒரே கையில் மடிப்பார், அவருக்கு அதுதான் வேலை. முட்டிவலி உள்ள பெரியவர்களுக்கு இதில் பாதி ரொம்பத் தாழ்வு, எழுந்திருக்கக் கஷ்டப்படுவார்கள். விரித்தபின் மெத்தையின் மேல்மட்டம் 45 செமீ அளவாவது இருக்க வேண்டும். மாதக்கணக்கில் தங்குவார்கள் என்றால் பிள்ளைகள் அறையில் அடியிலிருந்து இன்னொன்றை வெளியே இழுக்கும் கட்டில் வைத்து, பெரியவர்களுக்கு மேல் கட்டில், பிள்ளைகளுக்குக் கீழ் கட்டில் என்று கொடுப்பது மேல். அதுவும் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குப் பாயே போதும். சுருட்டினால் கதவிடுக்கில் நிற்கிறது, இதைவிடச் சிக்கனமான படுக்கையை எந்த நாட்டு வடிவமைப்பாளரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

தீபாவளிக்கு வரும் கூட்டத்துக்காக எல் வடிவ சோஃபா வாங்குவது ஒரு நாளுக்காக 364 நாள் இடுக்கில் நடப்பது. இரண்டரை இருக்கை சோஃபா, ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும் முக்காலி நாலு, மடக்கு நாற்காலி இரண்டு. மிச்சப் பேர் தரையில் உட்காருவார்கள், வாழையிலை போட்டால் எப்படியும் எல்லாரும் தரைக்குத்தான் வருவார்கள்.

எங்கே வாங்குவது?

ஐக்கியா அலெக்சாண்ட்ரா, தெம்பனிஸ், ஜூரோங்கின் ஜெம் கடைத்தொகுதி மூன்றிலும் உண்டு. ஜெம் கடை சின்னது, பார்த்துத் தொட்டு முடிவெடுக்க அது போதும், பெரிய சாமானை வீட்டுக்கு வரவழைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் கூடுதல் விலையில் நல்ல மரம் வேண்டுமானால் அவுட்ரம் சாலையில் டான் பூன் லியட் கட்டடம், மாடி மாடியாகக் கடைகள். சுங்கை காடுட் பக்கம் அறைகலன் தொழிற்கூடங்கள். விளக்குக்கு பாலஸ்டியர் சாலை, கைப்பிடி, குழாய் மாதிரி உதிரிகளுக்கு ஜாலான் புசார். டப்பா, கூடை, எவர்சில்வர் தூக்கு, பெட்டி எல்லாவற்றுக்கும் சையது ஆல்வி சாலையில் முஸ்தஃபா, அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பழைய சாமான் விற்று வாங்கும் கரோசல் செயலியில் பழைய தேக்கு, ரோஸ்வுட் சாமான்கள் நல்ல விலைக்குக் கிடைக்கும், வெளிநாட்டவர் ஊர் திரும்பும்போது அவசரமாக விற்பார்கள். விலையைவிட ஏற்றி இறக்கும் வண்டிக்கூலியை முதலில் விசாரியுங்கள், சில நேரம் அதுதான் அதிகம். சீன இணையக் கடையான தாவ்பாவில் வாங்குவோரும் கப்பல் கட்டணத்தை எடையிலா கன அளவிலா எதில் போடுகிறார்கள் என்று பார்த்து, 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சோஃபாவைத் திருப்பி அனுப்புவது நடக்கிற காரியம் இல்லை. நாற்காலி, விளக்கு, இழுப்பறைப் பிரிப்பான் போன்றவற்றுக்குப் பரவாயில்லை.

காரிடாரில் செருப்பு அலமாரி வைக்கலாமா?

1.2 மீட்டர் வழி தடையில்லாமல் இருந்தால் பொதுவாக விடுகிறார்கள், உங்கள் நகர மன்றத்தின் விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். படிக்கட்டு, மின்தூக்கி வாசல் பக்கம் கூடாது. அதற்காக அங்கே சைக்கிள், பூந்தொட்டி, பழைய ஃபேன் என்று கூட்டிக்கொண்டே போகாதீர்கள்.

சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எதைக் கவனிப்பது?

இழுப்பறை அலமாரியைக் கட்டாயம் சுவரோடு பிணைக்க வேண்டும். பிள்ளை கீழ் இழுப்பறைகளை இழுத்து அதில் ஏறினால் மொத்தமும் முன்னால் கவிழும், ஆழம் குறைந்த அலமாரி இன்னும் சீக்கிரமாகக் கவிழும், நான் சொன்ன 35 செமீக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். பிணைக்கும் பட்டை பெட்டியிலேயே வரும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சுவரைத் தட்டிப் பாருங்கள். புது வீடுகளில் சில தடுப்புச் சுவர்கள் இலகுவானவை, அதற்கு ஏற்ற பிளக் வேறு, ஹார்டுவேர் கடையில் சுவரின் வகையைச் சொல்லிக் கேளுங்கள்.

ஜன்னலுக்குக் கீழே கட்டில், சோஃபா, பெட்டி, முக்காலி எதுவும் வேண்டாம். கிரில் இருந்தாலும் வேண்டாம்.

எல்லாம் சரி, அழகு?

எனக்குத் தெரிந்தவரை சின்ன வீட்டில் கண்ணை உறுத்துவது நிறங்களும் கைப்பிடிகளும் திறந்த தட்டில் நிற்கும் சில்லறைச் சாமான்களும்தான். மர நிறம் ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், அதிகமானால் இரண்டு. அலமாரிக் கதவுகளைச் சுவரின் நிறத்திலேயே எடுத்தால் அலமாரி இருப்பதே தெரியாது. தரையிலிருந்து 15 செமீ எழும்பி நிற்கும் கால்வைத்த சோஃபா, சுவரில் மாட்டிய கன்சோல், இவற்றுக்கடியில் தரை தொடர்ந்து ஓடுவது தெரிந்தால் அறை பெரிதாகத் தெரியும், பெருக்கவும் சுலபம். ஜன்னலுக்கு எதிரே ஒரு பெரிய கண்ணாடி. கூரையில் ஒரே வெள்ளை டியூப் லைட்டுக்குப் பதிலாக மஞ்சள் வெளிச்சத்தில் இரண்டு மூலை விளக்கு.

எல்லாவற்றையும் வெள்ளையாக்கிவிட வேண்டும் என்று அர்த்தம் இல்லை. வீடு முழுக்க வெள்ளையும் வெளிர் மரமுமாக இருந்தால் மாதிரி வீடு மாதிரிதான் இருக்கும். பாட்டி கொடுத்த பித்தளை குத்துவிளக்கோ, செட்டிநாட்டுப் பெட்டியோ, அடர் பழுப்புத் தேக்கு மேசையோ ஒன்றை நடுவில் விடுங்கள், சுற்றிலும் உள்ளவை அடக்கமாக இருந்தால் அது ஒன்றே போதும்.

பழைய சோஃபாவை என்ன செய்வது?

நகர மன்றத்துக்குப் போன் செய்தால் பெரிய சாமான்களை இலவசமாக எடுத்துப் போகும் சேவை பெரும்பாலான இடங்களில் உண்டு, மாதத்துக்கு இத்தனை என்று வரம்பு வைத்திருப்பார்கள். புளோக்கின் கீழே இரவோடு இரவாக விட்டுவிட்டு வராதீர்கள். நல்ல நிலையில் இருந்தால் சால்வேஷன் ஆர்மிக்குத் தரலாம், அல்லது கரோசலில் இலவசம் என்று போடுங்கள், சாயங்காலத்துக்குள் ஆள் வந்துவிடும்.

வந்த சாமானில் கோளாறு. கடைக்காரர் தட்டிக்கழிக்கிறார்.

2012 செப்டம்பரிலிருந்து குறைபாடுள்ள பொருள் சட்டம் இருக்கிறது, லெமன் லா என்பார்கள். வாங்கி 6 மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால் அது கொடுக்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும், இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரரின் பாடு. முதலில் சரிசெய்து தர அல்லது மாற்றித் தரக் கேட்கலாம், அது நடக்காவிட்டால் விலைக்குறைப்போ பணமோ. படம் எடுத்து, எழுத்தில் கேளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம், 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை, 2 ஆண்டுக்குள் போக வேண்டும். கரோசலில் தனியாளிடம் வாங்கியதற்கு லெமன் லா பொருந்தாது, அதனால் அங்கே ஒவ்வோர் இழுப்பறையையும் இழுத்துப் பார்த்துவிட்டு, பின்பக்கப் பலகையில் ஈரக்கறை இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, அப்புறம் போனில் பேநவ் வழியாகப் பணம் அனுப்புங்கள்.